வன்னியில் ஒரு சிறு கடைக்கு இணையம் வழியாக ஆள் வருவது எப்படி?

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு தோட்டக்காரரின் தண்ணீர் மோட்டர் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை. அதைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றி கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ கொண்டுபோனால் ஒரு நாள் வேலை கெட்டுப்போகும். போன இடத்தில் திருத்துகிறவர் இல்லையென்றால் இரண்டு நாள். அதனால் அவர் வீட்டிலிருந்து வெளிக்கிட முன்பே போனை எடுத்துத் தேடிப் பார்க்கிறார், அல்லது மகளைத் தேடிப் பார்க்கச் சொல்கிறார். அந்த நேரத்தில் அவருடைய கேள்விக்குச் சரியான பதில் எந்தக் கடையின் பெயரோடு வருகிறதோ, மோட்டர் பெரும்பாலும் அந்தக் கடைக்குத்தான் போகும்.

கடைக்காரர் தனக்குத் தெரிந்த பயனுள்ள விசயத்தைக் காசு வாங்காமல் இணையத்தில் சொல்லிக்கொடுத்து, அந்த நம்பிக்கையால் வாடிக்கையாளரைத் தன்னிடம் வரவைப்பதைக் கண்டென்ட் மார்க்கெட்டிங் என்கிறார்கள். வீடியோ, படம், எழுத்து, குரல் எதுவாகவும் இருக்கலாம். இந்தக் கட்டுரையில் அதைப் பதிவு என்றே சொல்வோம்.

இந்த முறை இணையத்துக்கு முந்தியது. அமெரிக்காவில் கலப்பை செய்து விற்ற ஜோன் டியர் கொம்பனி 1895 இல் விவசாயிகளுக்கென ஒரு சஞ்சிகையை வெளியிடத் தொடங்கியது. பிரான்சின் மிச்லின் டயர் கொம்பனி 1900 இல் வாகனம் ஓட்டுகிறவர்களுக்கு இலவசமாக ஒரு கையேடு கொடுத்தது. எங்கே தங்கலாம், எங்கே வாகனத்தைத் திருத்தலாம், டயரை எப்படி மாற்றுவது என்பதெல்லாம் அதில் இருந்தன. சனம் தூரப் பயணம் போனால்தான் டயர் தேயும், தேய்ந்தால்தான் புது டயர் விற்கும் என்பது அவர்களுடைய கணக்கு. இன்று அச்சுக்கூடம் தேவையில்லை. கையில் இருக்கிற போன் போதும்.

வன்னிக்கு இது மற்ற இடங்களை விடக் கூடுதலாகப் பொருந்தும் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முல்லைத்தீவு மாவட்டத்தின் பரப்பு 2,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். 2012 குடித்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் ஒரு இலட்சத்துக்கும் குறைவு. யாழ்ப்பாண மாவட்டம் ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீற்றர்தான், ஆனால் அதே கணக்கெடுப்பில் அங்கே ஐந்தரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு சந்தியில் கடை போட்டால் றோட்டால் போகிறவர்களே யாவாரத்துக்குப் போதும். விசுவமடுவிலோ துணுக்காயிலோ கடை போட்டவருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய வாடிக்கையாளர்கள் இருபது, முப்பது கிலோமீற்றருக்குள் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்கள் கடைப் பலகையைப் பார்க்கப்போவதில்லை. போனைத்தான் பார்க்கப்போகிறார்கள்.

"சொல்லிக்குடுத்தா ஆர் வருவினம்?"

எல்லாக் கடைக்காரரும் முதலில் கேட்கிற கேள்வி இது. நியாயமான பயம்தான், பதிலும் நேராக இருக்கிறது. உங்கள் பதிவைப் பார்க்கிறவர்களில் ஒரு பகுதியினர் தாங்களே செய்துகொள்வார்கள். அவர்கள் நீங்கள் சொல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுச் செய்திருப்பார்கள். அந்தச் சின்ன வேலைகளில் உங்களுக்குக் கிடைக்கிற காசும் பெரிதில்லை. மற்றப் பகுதியினர் பார்த்துவிட்டு, "இது என்ரை கையாலை ஆகாது, ஆனா இவருக்கு வேலை தெரியும்" என்று முடிவெடுப்பார்கள். உங்களுக்குத் தேவையானவர்கள் அவர்கள்தான். தாங்களே செய்துகொண்டவர்களும், அடுத்த முறை மோட்டர் எரிந்தால் உங்கள் நம்பரைத்தான் தேடுவார்கள்.

எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்பதில் எங்கள் அபிப்பிராயம் இது: அறிவைத் தாராளமாகக் கொடுங்கள், உழைப்பையும் பொருளையும் விலைக்கு வையுங்கள். தென்னங்கன்று விற்கிறவர் ஏக்கருக்கு எத்தனை கன்று தேவை என்பதை மறைத்து வைத்து எதையும் சம்பாதிக்கப்போவதில்லை. 26 அடி இடைவெளியில் சதுரமாக நட்டால் ஏக்கருக்கு 64 கன்று, குழி நீளம் அகலம் ஆழம் மூன்றும் 3 அடி, அடியில் பொச்சு மட்டையை உட்புறம் மேல்நோக்கி அடுக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னால், காணி வைத்திருப்பவர் கையில் எண்ணிக்கையோடு உங்களிடம் வருவார். விலை மட்டும்தான் பேச வேண்டியிருக்கும்.

முதல் வேலை கொப்பியில்

போனைத் தொடுவதற்கு முன் ஒரு சீ.ஆர். கொப்பியும் பேனையும் மேசையில் வையுங்கள். ஒரு கிழமைக்கு, கடைக்கு வருகிறவரும் போனில் பேசுகிறவரும் கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். திருத்தி எழுத வேண்டாம். "மோட்டர் ஓடுது, தண்ணி வருதில்லை" என்று ஒருவர் சொன்னால் அப்படியே எழுத வேண்டும். "நீரிறைக்கும் இயந்திரத்தின் செயலிழப்பு" என்று எழுதினால் அந்தக் கொப்பி உதவாது, ஏனென்றால் அப்படி யாரும் தேடுவதில்லை.

கிழமை முடிவில் எண்ணிப் பாருங்கள். ஒரே கேள்வி நாலைந்து முறை வந்திருக்கும். உங்கள் முதல் பதிவு அதுதான். தையல் வேலை செய்கிறவருக்கு "பிளவுசுக்கு எத்தனை மீற்றர் துணி வேணும், எத்தனை நாளிலை தருவீங்கள்?" என்பது வந்திருக்கும். கேக் செய்கிறவருக்கு "பதினைஞ்சு பேருக்கு எத்தனை கிலோ கேக் சொல்லோணும்?" என்பது. முல்லைத்தீவுக் கருவாடு விற்கிறவருக்கு "கனநாள் வைக்கலாமோ, புழு வராதோ?" என்பது. இப்படி பன்னிரண்டு கேள்வி சேர்ந்தால் கிழமைக்கு ஒன்றாக மூன்று மாதத்துக்குப் பதிவு இருக்கிறது. அதற்கு மேல் யோசித்துத் தலையை உடைக்கத் தேவையில்லை, மூன்று மாதத்தில் கொப்பி தானாக நிரம்பும்.

நீங்கள் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன கேள்விதான் பெரும்பாலும் நல்ல பதிவாகிறது. அந்தப் பதில் உங்களுக்கு மனப்பாடம், சொல்லத் தடுமாற மாட்டீர்கள்.

ஒரு பதிவை அக்குவேறு ஆணிவேறாகப் பார்ப்போம்

மோட்டர் திருத்துகிற கடையையே எடுத்துக்கொள்வோம். கேள்வி: மோட்டர் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. ஒன்றரை நிமிட வீடியோ போதும்.

முதல் ஐந்து செக்கனில் கேள்வியையும் பதிலின் தலைப்பையும் சொல்லிவிட வேண்டும்: "மோட்டர் ஓடுது, தண்ணி வருதில்லையோ? மோட்டரைக் கழட்ட முதல் மூண்டு விசயத்தைப் பாருங்கோ." கடையின் பெயர், சுழல்கிற எழுத்து, பாட்டு என்று இருபது செக்கன் ஓடவிட்டால் பார்க்கிறவர் அதற்குள் அடுத்ததற்குத் தள்ளிவிடுவார். கடைப் பெயரைக் கடைசியில் சொல்லுங்கள், அதுவரை இருந்தவர் கேட்பார்.

பிறகு பதில், ஒழுங்காக. ஒன்று: சுவிச்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிட்டு, மோட்டருக்கு மேலே தண்ணீர் விடுகிற மூடியைத் திறந்து நிரப்புங்கள். விட்ட தண்ணீர் கொஞ்ச நேரத்தில் இறங்கிப்போனால் கிணற்றுக்குள் பைப்பின் அடியில் இருக்கிற, தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடிக்கிற புட்வால்வு ஒழுகுகிறது. பைப்பைத் தூக்கிப் பாருங்கள், மணலோ வேர்த் துண்டோ சிக்கியிருந்தால் கழுவினால் சரி, வாஷர் தேய்ந்திருந்தால் புதிது போட வேண்டும். இரண்டு: தண்ணீர் இறங்கவில்லை, ஆனாலும் இழுக்கவில்லை என்றால் கிணற்றிலிருந்து வருகிற பைப் மூட்டு எங்கேயோ காற்று எடுக்கிறது. மூட்டுகளைக் கழற்றி டேப் சுற்றி இறுக்குங்கள். மூன்று: கயிற்றில் கல் கட்டி இறக்கி, மோட்டர் இருக்கிற மட்டத்திலிருந்து தண்ணீர் வரை அளந்து பாருங்கள். 25 அடியைத் தாண்டினால் மேலே வைக்கிற மோட்டர் இழுக்காது. எந்தக் கொம்பனி மோட்டராக இருந்தாலும் அப்படித்தான். மேலே இருந்து இழுக்கிற மோட்டருக்குக் காற்றழுத்தம்தான் தண்ணீரைத் தூக்கிக் கொடுக்கிறது, அதன் கொள்கையளவு எல்லையே ஏறக்குறைய 34 அடி, நடைமுறையில் 25 அடிதான் கிடைக்கும். மோட்டரைக் கீழே இறக்கி வைக்கலாம், இல்லையென்றால் தண்ணீருக்குள் இறக்குகிற வகை வாங்க வேண்டும்.

கடைசியாக, எப்போது கடைக்குக் கொண்டுவர வேண்டும்: "சுத்தாமல் 'உம்' எண்டு இரைஞ்சுகொண்டு நிண்டா உடனை நிப்பாட்டுங்கோ. திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தா வைண்டிங் எரியும். கொண்டுவாங்கோ, கப்பாசிற்றர்தான் பழுதெண்டால் கெதியா மாத்தித் தரலாம்." இந்த ஒரு வசனம்தான் கடைக்கு ஆள் கொண்டுவருகிறது. அது முன்னால் சொன்ன மூன்றும் உண்மையாகப் பயன்பட்டதால்தான் வேலை செய்கிறது. முதல் வசனத்திலேயே "எங்களிட்டைக் கொண்டுவாங்கோ" என்றால் அது விளம்பரமாகிவிடும், ஒருவரும் மற்றவருக்கு அனுப்ப மாட்டார்கள்.

எடுக்கிற விதத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. லென்சைத் துடையுங்கள். கிறீஸ் கையால் பிடித்த போனில் எடுத்த படம் எப்போதும் புகை மூட்டமாக இருக்கும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும், காலை எட்டு மணியளவில் கடை வாசல் நல்ல இடம். சத்தம்தான் முக்கியம். ஏ9 வீதிக் கரையில் கடை என்றால் லொறிச் சத்தத்தில் உங்கள் குரல் கேட்காது, அதனால் வயர் உள்ள இயர்போனின் மைக்கைச் சட்டைக் கொலரில் குத்திக்கொண்டு பேசுங்கள். போனைக் கையில் பிடிக்காமல் எதிலாவது சாத்தி வையுங்கள், இரண்டு கையும் வேலையைக் காட்டட்டும். முகம் காட்ட விருப்பமில்லையா, கையை மட்டும் காட்டுங்கள், பார்க்கிறவருக்கு வேண்டியது புட்வால்வுதான். 1080 தரத்தில் ஒரு நிமிடம் எடுத்தால் 60 முதல் 130 எம்பி வரை வரும். டேட்டா போதாதவர்கள் 720 இல் எடுக்கலாம், போனில் பார்க்கிறவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட வேண்டாம். யூடியூப் அதைத் தானாகவே கண்டுபிடிக்கும், பாட்டின் சொந்தக்காரர் உரிமை கோரலாம், பேஸ்புக்கில் சத்தத்தையே வெட்டிவிடலாம். அப்படி வெட்டினால் உங்கள் பதில் ஊமையாகிப்போகும்.

தேடுகிறவர் எப்படி எழுதுகிறார்?

இங்கேதான் பலருடைய உழைப்பு வீணாகிறது. நல்ல வீடியோவை எடுத்து "நமது புதிய காணொளி பகுதி 3" என்று தலைப்பு வைக்கிறார்கள். தலைப்பு கொப்பியில் இருக்கிற கேள்வியாக இருக்க வேண்டும்: "மோட்டர் ஓடுது தண்ணி வரேல்லை, என்ன செய்யலாம்?" யூடியூப் தலைப்பில் 100 எழுத்து வரை போடலாம். ஆனால் போனில் முதல் பாதிதான் தெரியும், ஆகவே கேள்வி முன்னுக்கு வரட்டும், ஊரும் கடையும் பின்னுக்கு.

எங்கள் சனம் மூன்று விதமாகத் தேடுகிறது. சிலர் தமிழ் எழுத்தில். பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். வயதானவர்கள் மைக் பொத்தானை அமத்திப் பேசுகிறார்கள். தலைப்பைத் தமிழில் வையுங்கள், கீழே விபரம் எழுதுகிற இடத்தில் அதே கேள்வியை ஆங்கில எழுத்திலும் ஒரு வரி எழுதுங்கள். "பம்ப்", "மோட்டர்", "மெசின்" என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள், மூன்றையும் ஒரு வசனத்துக்குள் கொண்டுவாருங்கள். விபரத்தின் முதல் வரியிலேயே தொலைபேசி இலக்கமும் ஊரும் இருக்கட்டும். கீழே போட்டால் விரித்துப் பார்க்கிறவர்கள் மட்டும்தான் காண்பார்கள்.

எங்கே போடுவது

ஒரு பதிலை நாலு இடத்தில் வைக்கலாம், ஆனால் ஒவ்வொரு இடத்தின் வேலையும் வேறு.

எல்லாவற்றுக்கும் முதலில் கூகுள் மேப். இது பதிவு போடுகிற இடம் என்று பலர் நினைப்பதில்லை, ஆனாலும் இது இல்லாமல் மற்றதெல்லாம் பாதிப் பலன்தான். கூகுளில் உங்கள் தொழில் விபரத்தைச் சேர்ப்பது இலவசம். பெயரைக் கடைப் பலகையில் உள்ளபடியே போடுங்கள். "மலிவு விலை, சிறந்த சேவை, கிளிநொச்சி" என்றெல்லாம் பெயரோடு ஒட்டினால் கூகுள் இடைநிறுத்தலாம். கடை உங்களுடையதுதான் என்று உறுதிப்படுத்தக் கூகுள் வீடியோ கேட்டால் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும்: றோட்டும் சுற்றுப்புறமும், பலகை, பிறகு நீங்கள் திறப்புப் போட்டுக் கதவைத் திறப்பது, உள்ளே உங்கள் கருவிகள். வெட்டி ஒட்டிய வீடியோவும் பலகை இல்லாத கடையும்தான் பெரும்பாலும் ஏற்கப்படாமல் திரும்புகின்றன.

வன்னியில் முகவரி ஒரு தனிப் பிரச்சினை. வீட்டிலக்கத்தால் ஒருவரும் இடம் கண்டுபிடிப்பதில்லை. கட்டை, சந்தி, கோயில், பள்ளிக்கூடம், வாய்க்கால் இவற்றால்தான் வழி சொல்கிறோம். ஆகவே மேப்பில் இடத்தைக் காட்டுகிற குற்றியைச் சரியாகக் கடை வாசலில் வையுங்கள், குத்துமதிப்பாக றோட்டில் வைக்காதீர்கள். படங்களில் முதலாவது, றோட்டின் எதிர்ப்பக்கத்தில் நின்று எடுத்த கடை முகப்பாக இருக்கட்டும், பக்கத்தில் உள்ள கட்டடமும் தெரிய. விபரத்தில் "பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு றோட்டில் இத்தனை கிலோமீற்றர், இடப்பக்கம், கோயிலுக்கு எதிரே" என்று எழுதுங்கள். திறக்கிற நேரத்தையும் உண்மையாகப் போடுங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை பூட்டினால் அதையும் போடுங்கள். முப்பது கிலோமீற்றர் வந்து பூட்டிய கதவைப் பார்த்தவர் திரும்ப வரமாட்டார்.

வேலை முடிந்து சந்தோசமாகப் போகிறவரிடம் மேப்பில் ஒரு வார்த்தை எழுதச் சொல்லிக் கேட்கலாம். அதற்காக விலைக்கழிவு கொடுப்பது கூகுளின் விதிக்கு மாறு. குறை எழுதினால் சண்டைக்குப் போகாமல், நடந்தது என்ன, எப்படிச் சரிசெய்வோம் என்று இரண்டு வரியில் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலை அடுத்து வருகிற நூறு பேர் வாசிப்பார்கள்.

யூடியூப் பதில்களைச் சேர்த்து வைக்கிற இடம். இன்று போட்டதை இரண்டு வருடம் கழித்தும் ஒருவர் தேடி எடுப்பார். பேஸ்புக் பதிவின் ஆயுள் இரண்டு மூன்று நாள்தான், ஆனால் ஊர்ச் சனம் இருக்கிற இடம் அது. தனிப்பட்ட கணக்கில் கடை நடத்தாமல் பக்கம் ஒன்று திறவுங்கள். தனிக் கணக்கில் 5,000 நண்பர்களோடு எல்லை முடிந்துவிடும், யாவாரத்துக்குப் பயன்படுத்துவது அவர்களின் விதிக்கும் புறம்பு.

வட்ஸ்அப்பில்தான் யாவாரம் முடிகிறது. வட்ஸ்அப் பிஸ்னஸ் என்ற செயலி இலவசம். உங்கள் இப்போதைய நம்பரையே அதற்கு மாற்றலாம், ஆனால் ஒரே நம்பரைச் சாதாரண வட்ஸ்அப்பிலும் இதிலும் ஒன்றாக வைத்திருக்க முடியாது. அதில் இரண்டு வசதியை முதல் நாளே பயன்படுத்துங்கள். ஒன்று, பொருள் பட்டியல்: படம், விலை, சிறு விபரம். மற்றது, தயார் பதில்: ஒரு சுருக்கச் சொல்லைத் தட்டினால் முழுப் பதிலும் வரும். "தண்ணி வருதில்லை" என்று ஒருவர் கேட்டதும், அந்த வீடியோவின் இணைப்போடு உங்கள் பதில் ஒரு தட்டில் போய்விடும். கொப்பியில் எழுதிய கேள்விகள் இங்கே இரண்டாம் முறை பயன்படுகின்றன.

ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்புகிற பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். "அனுப்பினேன், ஒருத்தரும் பாக்கேல்லை" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பில் கொடுக்கும்போதே "எங்கடை நம்பரை சேவ் பண்ணி வையுங்கோ" என்று சொல்லுங்கள்.

வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர்களுக்கு

வன்னியில் தையல், பலகாரம், கேக், மிளகாய்த்தூள் என்று வீட்டிலிருந்து தொழில் நடத்துகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களில் பலர் தனியாகக் குடும்பத்தைத் தாங்குகிறார்கள். அவர்களுக்கு மேலே சொன்னதில் ஒரு மாற்றம் மிக அவசியம்: வீட்டுக் குற்றியை மேப்பில் வைக்க வேண்டாம். கூகுளில் முகவரியை மறைத்து, சேவை செய்யும் பிரதேசத்தை மட்டும் காட்டலாம். "வட்டக்கச்சி, இராமநாதபுரம், கிளிநொச்சி நகரம்" என்று போட்டாலே போதும். தொழிலுக்கென்று தனி சிம் எடுங்கள், இரவு எட்டு மணிக்குப் பிறகு தானாகப் பதில் போகும்படி வட்ஸ்அப்பில் அமைத்துவிடுங்கள். பொருளைக் கொடுக்கிற இடத்தைச் சந்தியிலோ கடையொன்றிலோ வைத்துக்கொள்ளலாம். வீடியோவின் பின்னணியில் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, வீட்டு வாசல், வாகன இலக்கம் தெரிகிறதா என்று போடுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள். இதில் அவசரப்பட வேண்டாம்.

வெளிநாட்டுச் சனம்

ரொறன்ரோவில் இருந்து ஆயிரம் பேர் பார்த்தால் மோட்டர் கடைக்கு என்ன பலன் என்று கேட்கலாம். வெறும் பார்வைக்குப் பலன் இல்லைத்தான். ஆனால் அந்த ஆயிரத்தில் ஒருவருடைய தகப்பன் தருமபுரத்தில் தோட்டம் செய்கிறார். மோட்டர் வாங்கக் காசு அனுப்பப்போவது அந்த மகன்தான். அவருக்குத் தேவையான பதிவு வேறு: எந்த மோட்டர் எத்தனை அடிக் கிணற்றுக்குப் பொருந்தும், விலை எவ்வளவு, கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுப்பீர்களா, பூட்டிய பிறகு தண்ணீர் பாய்கிற வீடியோவும் பில்லும் அனுப்புவீர்களா. இந்த நாலையும் ஒரு வீடியோவில் சொல்லிவிட்டால் தூரத்தில் இருப்பவரின் சந்தேகம் பெரும்பாலும் தீரும்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். ரொறன்ரோ எங்களை விடக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் பின்னுக்கு. அவர் வேலை முடிந்து இரவு ஒன்பதுக்கு எழுதினால் இங்கே விடிய ஆறரை அல்லது ஏழரை. கடை திறந்ததும் முதல் வேலையாக அந்தச் செய்திகளுக்குப் பதில் எழுதுங்கள், இங்கே காலை பத்து மணிக்கு மேல் அவர் நித்திரைக்குப் போய்விடுவார்.

போகத்தோடு சேர்ந்து நடக்க வேண்டும்

இங்கே காசும் தேவையும் வருடம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. காலபோக விதைப்பு ஐப்பசி மழையோடு, அறுவடை தை மாசி பங்குனியில். சோளகம் வீசுகிற ஆடி ஆவணியில் கிணறு வற்றும், மோட்டர்க் கேள்விகள் அப்போதுதான் குவியும். கூகுளும் யூடியூப்பும் ஒரு பதிவைக் கண்டுபிடித்துக் காட்டத் தொடங்கச் சில கிழமை எடுக்கும். ஆகவே "தண்ணி வருதில்லை" வீடியோவை வைகாசி கடைசிக்குள் போட்டுவிட வேண்டும். மருந்து தெளிகருவி திருத்துகிறவர் புரட்டாதிக்கு முன், தையற்காரர் தைப்பொங்கலுக்கு ஆறு கிழமை முன், வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பலகாரமும் கச்சானும் விற்கிறவர் சித்திரை முடிவதற்குள். மழை தொடங்கிய பிறகு "மழைக்கு முன் செய்ய வேண்டியவை" என்று போட்டால் ஒருவருக்கும் உதவாது.

எங்கே பிழைக்கிறது

பக்கம் திறந்த அன்றே ஐந்து பதிவு, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்றும் இல்லை. இதுதான் எல்லாவற்றிலும் அதிகம் நடப்பது. பார்க்கிறவர் கடை பூட்டியாச்சு என்றே நினைப்பார். கிழமைக்கு ஒன்று முடியாவிட்டால் மாதத்துக்கு இரண்டு போடுங்கள், ஆனால் விடாமல் போடுங்கள்.

அடுத்தது, திருநாள் வாழ்த்தும் சாமிப் படமும் கடைப் பெயர் போட்டு வெளியிடுவது. அதில் தவறில்லை, மரியாதைக்குப் போடலாம். ஆனால் அதைத் தேடி ஒருவரும் வருவதில்லை, அதைப் பதிவுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

"விலைக்கு இன்பொக்ஸ் வரவும்" என்பதை விட்டுவிடுங்கள். தூரத்தில் இருப்பவர் முதலில் அறிய விரும்புவதே விலையைத்தான். ஒரே விலை சொல்ல முடியாத வேலை என்றால் குறைந்தது இவ்வளவு, கூடியது இவ்வளவு, எதனால் கூடும் என்று சொல்லுங்கள். பக்கத்தில் திகதியைப் போடுங்கள். இறக்குமதிச் சாமானின் விலை மாறுகிற வேகத்தில், திகதி இல்லாத விலை வீண் வாக்குவாதத்தில்தான் முடியும்.

பக்கத்தைத் திறந்து கொடுத்த தம்பியின் போனில்தான் கடவுச்சொல் இருக்கிறது, தம்பி இப்போது வெளிநாட்டில். இப்படிப் பக்கத்தை இழந்த கடைகள் நிறைய. கணக்கு உங்கள் நம்பரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும், கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கிற இரட்டைப் பாதுகாப்பைப் போட்டு வையுங்கள். வட்ஸ்அப்பில் வருகிற ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும், தெரிந்தவர் பெயரில் கேட்டாலும் சொல்லக்கூடாது. சொன்னால் கணக்கு அவர் கைக்குப் போய்விடும், உங்கள் வாடிக்கையாளர்களிடம் உங்கள் பெயரில் காசு கேட்பார்.

வாடிக்கையாளரின் முகம், வீடு, பழுதான பொருள் இவற்றைக் கேட்காமல் போடாதீர்கள். சிறிய ஊர், பின்னணியில் தெரிகிற மதிலை வைத்தே யாருடைய வீடு என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

பலன் இருக்கிறதா என்று பார்ப்பது

விருப்பக்குறியை எண்ணாதீர்கள். அதே சீ.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் "எங்கை பாத்திட்டு வந்தனீங்கள்?" என்று கேட்டு அடையாளம் இடுங்கள்: மேப், யூடியூப், பேஸ்புக், வட்ஸ்அப், ஆள் சொல்லி. உங்கள் வீடியோக்களின் கணக்கைக் காட்டுகிற யூடியூப் ஸ்ரூடியோவில் எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்பதும், எத்தனையாவது செக்கனில் விட்டுப் போனார்கள் என்பதும் இருக்கும். மாதம் ஒருமுறை அதைப் பாருங்கள். எல்லாரும் பத்தாவது செக்கனில் போயிருந்தால் தொடக்கத்தில் பிழை. கடைசிவரை பார்த்தும் ஒருவரும் அழைக்கவில்லை என்றால் நம்பரும் ஊரும் சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். நீங்கள் எதிர்பாராத சொல்லொன்று தேடலில் அடிக்கடி வந்திருந்தால் அதைக் கொப்பியில் ஏற்றுங்கள், அடுத்த பதிவு அதுதான்.

மூன்று மாதத்துக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். தேடலில் ஏற அவ்வளவு நேரம் எடுக்கும், வன்னியில் ஒரு போகத்தின் தேவை முழுவதும் தெரிய இன்னும் கூட எடுக்கும். ஆறு மாதம் விடாமல் போட்டும் கொப்பியில் ஒரு இடத்துக்குக் கோடே விழவில்லை என்றால், அந்த இடத்தை விட்டுவிட்டு அந்த நேரத்தைக் கோடு கூட விழுந்த இடத்துக்குக் கொடுங்கள்.

வருடத்துக்கு இரண்டு முறை, விதைப்புக்கு முன்னும் அறுவடைக்குப் பின்னும், பழைய பதிவுகளைத் திறந்து பாருங்கள். விலை மாறியிருந்தால் விபரத்தில் புது விலையும் திகதியும் எழுதலாம், வீடியோவைத் திரும்ப எடுக்கத் தேவையில்லை. நம்பர் மாறியிருந்தால் மேப், யூடியூப், பேஸ்புக் மூன்றிலும் ஒரே நாளில் மாற்றுங்கள்.